58 வயதில் லீகராட்: இரண்டு சில்லா, மூன்று சில்லா?

நெக்கார்க்கரை:
வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன், வயது 58. மணிக்கட்டும் கழுத்தும் சாதாரண சைக்கிளுக்கு இனி ஒத்துவராது என்பதால் சாய்ந்திருந்து ஓடும் லீகராட் பார்க்கிறேன். பாவித்த ஒன்று விலைக்கு வந்திருக்கு: முன் சில்லு 20 அங்குலம், பின் சில்லு 26, பெடல் முன் சில்லுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்குது, ஹாண்டில் நெஞ்சுக்கு நேரே. இந்த வயதில் சமநிலை பிடிபடுமா, இல்லை நேரே மூன்று சில்லுக்குப் போவதா? என்ன ஒழுங்கில் பழகுவது? இங்கே ஏற்றம் அதிகம், அதையும் சொல்லுங்கோ.

செயின்கண்ணி:
பிடிபடும். ஓடுறதில கஷ்டம் இல்லை. புறப்படுறதும் நிற்கிறதும்தான் கஷ்டம். சாதாரண சைக்கிளில இடுப்பையும் தோளையும் ஆட்டிச் சமநிலை எடுக்கிறோம். இதில முதுகு கதிரையோட ஒட்டியிருக்கு, ஹாண்டில் மட்டும்தான் மிச்சம். அதால கை இறுகினால் சைக்கிள் நெளியும். நெளியுதே என்று இன்னும் இறுக்கிப் பிடிப்பீங்கள், அது இன்னும் நெளியும். விழுகிற ஆட்களில் பலர் இப்பிடித்தான் விழுகினம்.

வாங்க முதல் அளவைப் பாருங்கோ. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையால சுவரைப் பிடிச்சு, முதுகை முழுக்கச் சாய்த்து இருங்கோ. குதிக்காலைப் பெடலில வைத்துத் தூர முனைக்குத் தள்ள முழங்கால் சரியாக நிமிரவேணும். பிறகு பாதத்தின் முன்பக்கத்தால மிதிக்க, முழங்காலில் சின்ன வளைவு மிஞ்சும். அதுதான் அளவு. பொருந்தாட்டி பெடலைத் தாங்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற முன்குழாயை நகர்த்தலாம், ஆனால் செயினை மறக்க வேண்டாம்: குழாய் 1.27 செ.மீ. முன்னே போனால் செயின் மேலேயும் கீழேயுமாக 2.54 செ.மீ. கேட்கும், அதாவது ஒரு சோடிக் கண்ணி. அதைச் சேர்க்காமல் இழுத்துப்போட்டு, முன்னால் பெரிய பல்சில்லிலும் பின்னால் பெரிய பல்சில்லிலும் போட்டால் பின் கியர் மாற்றி பிய்ந்துபோகும். குழாய் திரும்பாமல் நேரே நிற்குதா என்றும் பாருங்கோ. ஒரு பக்கம் சரிந்திருந்தால் சில நாளில் ஒரு முழங்கால் மட்டும் நோகத் தொடங்கும்.

கதிரையில் இருந்தபடி இரண்டு பாதமும் முழுசா நிலத்தில் படவேணும். நுனிக்கால்தான் படுகுது என்றால் அந்தச் சைக்கிளை விட்டுடுங்கோ, பழகும்போது அது ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் எல்லாம் பூட்டு, கார் நிறுத்துமிடம் வெறுமையாக இருக்கும். மெல்லிய சரிவு உள்ள இடமாகப் பாருங்கோ. முதல் அரைமணி பெடலைத் தொடவே வேண்டாம். கால் இரண்டையும் நிலத்திலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு சும்மா உருள விடுங்கோ, கடைசியில் பிரேக் பிடித்து, நின்ற பிறகு கால் ஊன்றுங்கோ. ஓடும்போது கால் ஊன்றினால் அது பின்னால் இழுபட்டுக் கதிரைக்குக் கீழே போகும், கணுக்கால் முறியக்கூடும். பார்வை முன் சில்லில் இல்லாமல் பத்து மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

புறப்படுகிற விதம் இப்பிடி. பின்னால் இரண்டாவது அல்லது மூன்றாவது பெரிய பல்சில்லு. ஆகக் குறைந்த கியர் கூடாது. ஒரு மிதியிலேயே பெடல் ஓடி முடிந்துபோகும், மற்றக் காலைத் தூக்க வேகம் வந்திருக்காது. பிரேக்கைப் பிடித்தபடி வலது பெடலை உச்சிக்குச் சற்று முன் கொண்டுவாங்கோ, வலப்பக்கம் நின்று பார்த்தால் மணிக்கூட்டில் பதினொரு மணி மாதிரி. முதுகைச் சாய்த்து, தலையையும் தோளையும் தளர விடுங்கோ. பிரேக்கை விட்டதும் ஒரே மிதி, பாதி மிதியில் இடது கால் மேலே வந்திடவேணும். அந்த நேரம் கை ஹாண்டிலை இழுத்தால் சைக்கிள் அந்தப் பக்கம் திரும்பும். ஹாண்டிலை ஒரு முட்டையைப் பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கோ.

மெதுவாக வளைக்கும்போது குதிக்கால் முன் சில்லில் தட்டும். வளைவுக்குள் மிதிக்காமல், உள்பக்கப் பெடலைத் தூரத் தள்ளி வைத்து உருண்டு போகப் பழகுங்கோ.

மூன்றுசக்கரம்:
செயின்கண்ணி சொன்னது இரண்டு சக்கரத்துக்குச் சரி. ஆனா ஏற்றம் அதிகம்னு சொல்றீங்க, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 26 அங்குலப் பின்சக்கரம், முன்னால 30 பல், பின்னால 34 பல். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதிச்சா மணிக்கு சுமார் 6.5 கி.மீ. புதுசா ஓட்டுறவங்க அந்த வேகத்துல ஆட ஆரம்பிச்சிடுவாங்க. எழுந்து நின்னு மிதிக்கவும் வழியில்ல. மூணு சக்கர வண்டி, அதாவது ட்ரைக்னா 3 கி.மீ. வேகத்துல கூட ஏறலாம், நடுவுல நின்னு மூச்சு வாங்கலாம், அதே கியர்ல மறுபடி கிளம்பலாம். செங்குத்தான ஊர்ல 58 வயசுக்கு நான் ட்ரைக்கைத்தான் சொல்லுவேன்.

அதுல மூணு விஷயம் கவனிக்கணும். முதல்ல பாதம். பெடலோட கட்டாம ஓட்டவே கூடாது. மேடுபள்ளத்துல பாதம் நழுவித் தரையில பட்டா வண்டி முன்னால போய்க்கிட்டே இருக்கும், கால் அடியில மடங்கிடும். பெடலோட மாட்டிக்கிற கிளிப் ஷூவோ, குதிகாலைத் தாங்குற பட்டையோ முதல் நாளிலிருந்தே வேணும். அடுத்து, முன்னால ரெண்டு சக்கரம் உள்ள வகையில பெரும்பாலும் இடது பிரேக் இடது சக்கரத்துக்கு, வலது பிரேக் வலது சக்கரத்துக்கு. ஒண்ணை மட்டும் அழுத்திப் பிடிச்சா அந்தப் பக்கம் இழுக்கும். வேகமா வளையும்போது உடம்பை உள்பக்கம் சாய்க்கணும், இல்லேன்னா உள்சக்கரம் தூக்கும்.

மூணாவதுதான் பலர் கடையில பார்க்காம விடுறது: எழுந்திருக்கிறது. சீட் தரையிலிருந்து 25, 30 செ.மீ.தான் இருக்கும். நிறுத்து பிரேக்கைப் போட்டுட்டு, பாதம் ரெண்டையும் சீட் பக்கம் இழுத்து, கையை ஊன்றி எழுந்து பாருங்க, அஞ்சு தடவை. முழங்கால் திணறுச்சுன்னா பின்னால ரெண்டு சக்கரம் உள்ள வகையைப் பாருங்க. ஜெர்மனியில வால்ட்ராப் ஊர்ல இருக்குற ஹாஸெ கம்பெனியோட கெட்வீசல் அந்த வகை.

லீகராட்னாலே மெதுவான வண்டின்னு நினைச்சுடாதீங்க. 1933ல பாரிஸ்ல பிரான்சிஸ் ஃபோர் சாஞ்சு ஓட்டுற ரெண்டு சக்கர வண்டியில ஒரு மணி நேரத்துல 45.055 கி.மீ. ஓட்டினார். 1914லிருந்து நின்ன சாதனை அதோட போச்சு. 1934ல உலக சைக்கிள் சங்கம் விதியை மாத்தி இந்த வகையை வெளியே தள்ளிடுச்சு. சமதளத்துலயும் எதிர்காத்துலயும் இது இன்னைக்கும் வேகம்தான், ஏற்றத்துல மட்டும் பின்தங்கும்.

நெக்கார்க்கரை:
இருவருக்கும் நன்றி. கடையில் ட்ரைக் ஒன்றில் இருபது நிமிடம் இருந்து மிதித்துப் பார்த்தேன், கால்விரல் விறைத்துப்போச்சு. இது வழமையா? முழங்காலுக்கு ஏதும் கவனிக்கவேணுமா?

செயின்கண்ணி:
பெடல் கதிரையை விட உயரத்தில் இருந்தால் விறைக்கும். சப்பாத்தைத் தளர்த்துங்கோ, கிளிப் போட்டால் அதைக் குதிக்கால் பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளுங்கோ. அதுக்கும் மாறாட்டி பெடல் தாழ்வாக உள்ள மாதிரி தேடுங்கோ.

முழங்காலுக்கு: கதிரை முதுகைத் தாங்குறதால உங்கட நிறையை விடக் கூடிய விசையில் தள்ள முடியும், அதுதான் முழங்காலைக் கெடுக்கிறது. லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று. நிற்கிறதுக்கு முதலே கியரைக் குறைத்துப்போடுங்கோ. கிராங்க், அதாவது பெடலைத் தாங்குற கை, 170 மி.மீ. என்றால் 155க்கு மாற்றலாம். முழங்கால் குறைய மடியும், இரண்டு சில்லில் குதிக்கால் தட்டுறதும் குறையும். மாற்றினால் முன்குழாயை 1.5 செ.மீ. முன்னே தள்ளவேணும், செயினில் ஒரு சோடிக் கண்ணி கூட்டவேணும்.

மூன்றுசக்கரம்:
கண்ணாடி இடது பக்கம் மாட்டுங்க. சாஞ்ச நிலையில கழுத்தைத் திருப்பிப் பின்னால பார்க்க முடியாது. ட்ரைக் எடுத்தா கொடியும் சேர்த்து வாங்குங்க, நிறுத்தியிருக்குற காருக்குப் பின்னாலிருந்து நீங்க வர்றது அப்பதான் தெரியும்.