டிரேட்டில் நம் அணி ஏமாந்ததா? எதை வைத்துச் சொல்வது?

2017 கோடையில், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில், எங்கள் அணி இண்டியானா பேசர்ஸ் தன் நட்சத்திரம் பால் ஜார்ஜை டிரேட் செய்து (அதாவது, ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில்) ஓக்லஹோமா சிட்டி தண்டருக்குக் கொடுத்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவே கொதித்தது. பதிலுக்கு வந்தவர்கள் விக்டர் ஒலாடிப்போ, டொமான்டாஸ் சபோனிஸ், அவ்வளவுதான். “ஒரு முதல் சுற்று பிக் கூடவா கேட்டு வாங்க முடியவில்லை?” என்று ஒருவன் விடிய விடிய அதையே எழுதிக்கொண்டிருந்தான். (பிக் என்பது வருடா வருடம் நடக்கும் டிராஃப்டில் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை; பிக்குக்குரிய அணி எவ்வளவு மோசமாக ஆடுகிறதோ அவ்வளவு முன்னால் விழ வாய்ப்பு.) அணியை நடத்துகிறவர்களுக்கு அவன் வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

எனக்கு அன்றைக்கே அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயமாகப் பட்டது. 2018-ல் கிளம்பிவிடுவேன், லேக்கர்ஸுக்குப் போகத்தான் ஆசை என்று ஜார்ஜ் தரப்பு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. விற்கிறவருடைய அவசரம் லீக் முழுக்கத் தெரியும். ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுப் போய்விடக்கூடிய ஆளுக்கு யார் பிக்குகளை அள்ளிக் கொடுப்பார்கள்?

இரண்டே வருடத்தில், 2019-ல், அதே ஜார்ஜைத் தண்டர் கிளிப்பர்ஸுக்கு விற்றது. கிடைத்த விலை: ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், டனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்று பிக்குகள், போதாக்குறைக்கு இரண்டு பிக் ஸ்வாப் உரிமைகள் (இரண்டு அணிகளின் பிக்குகளில் நல்லதை மாற்றி எடுத்துக்கொள்ளும் உரிமை). அந்த சீசனில் ஜார்ஜ் எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்திருந்தார், அது உண்மைதான். ஆனால் விலை ஏறியதற்குப் பெரிய காரணம், கிளிப்பர்ஸ் இழுக்கப் பார்த்த இன்னொரு நட்சத்திரம் கவாய் லெனர்ட். ஜார்ஜ் வந்தால்தான் அவர் வருவார் என்ற நிலை. இந்த முறை அவசரம் வாங்குகிறவர் பக்கம். அதனால் எந்த டிரேட் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது யாருக்கு அவசரம், வேறு எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைத்தான்.

அந்த பிக்குகளில் ஒன்றில்தான் 2022-ல் தண்டர் ஜேலன் வில்லியம்ஸை எடுத்தது. பேசர்ஸ் அதே வருடம் சபோனிஸைக் கொடுத்து டைரீஸ் ஹாலிபர்ட்டனை வாங்கியது. 2025 இறுதிச்சுற்றில் மோதியவை இந்த இரண்டு அணிகள்தான்! தண்டர் 4-3 என்று ஜெயித்தது. உடனே குழுவில் சிலர் “பார்த்தாயா, 2017 டிரேட் பிரமாதம்” என்று ஆரம்பித்துவிட்டார்கள். அது எப்படி? ஹாலிபர்ட்டனை வாங்கியது தனி டிரேட், தனி சாமர்த்தியம். அதைப் பழைய கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

*

நான் டல்லஸ் மேவரிக்ஸ் ரசிகன். மேலே எழுதியவர் சொன்ன “வேறு எத்தனை பேர் கேட்டார்கள்” என்ற இடத்தில்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. 2025 பிப்ரவரியில் எங்கள் நட்சத்திரம் லூகா டான்சிச் லேக்கர்ஸுக்குப் போன செய்தியைப் பார்த்ததும் அந்தச் செய்தியாளரின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். 25 வயது ஆட்டக்காரரைக் கொடுத்து 31 வயது ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-க்கான ஒரே ஒரு முதல் சுற்று பிக். இத்தனைக்கும் சில மாதங்களுக்கு முன்புதான் மிகால் பிரிட்ஜஸ் என்ற ஆட்டக்காரருக்காக நியூயார்க் நிக்ஸ் ஐந்து முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்திருந்தது. பிரிட்ஜஸ் அதுவரை ஒரு ஆல்-ஸ்டார் (லீக்கின் முன்னணி நட்சத்திரங்களுக்கான) ஆட்டம்கூட ஆடியதில்லை. லூகா விற்பனைக்கு என்று லீக்கில் பேச்சு அடிபட்டிருந்தால் எத்தனை அணிகள் வரிசையில் நின்றிருக்கும்? டேவிஸ் நல்ல ஆட்டக்காரர், அதில் சண்டை இல்லை. சந்தைக்கே கொண்டுபோகாமல் விற்றார்களே, அதுதான் சண்டை.

பிறகு டிராஃப்டின் முதல் பிக் யாருக்கு என்று குலுக்கும் லாட்டரி 1.8 சதவீத வாய்ப்பில் எங்களுக்கு விழுந்து, கூப்பர் ஃப்ளாக் என்ற புது ஆட்டக்காரர் வந்தார். “எல்லாம் சரியாகிவிட்டதே” என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். பரிசுச் சீட்டு விழுந்துவிட்டால், வீட்டை அடிமாட்டு விலைக்கு விற்றது சரியாகிவிடுமா?

*

எத்தனை பிக் என்று மட்டும் எண்ணினால் போதாது. நான் ஒரு தாளில் பிக் கைக்கு வரும் வருடத்தையும், அந்த வருடம் பிக்கைக் கொடுக்கும் அணியின் நட்சத்திரத்துக்கு என்ன வயது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். 2013-ல் புரூக்ளின் நெட்ஸ் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் ஆகியோருக்காக 2014, 2016, 2018 பிக்குகளை எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் (பிக் மிக முன்னால் விழுந்தால் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்பது போன்றது) இல்லாமல் பாஸ்டனுக்குக் கொடுத்தது; 2017-க்கு ஸ்வாப் வேறு. 2018-ல் கார்னெட்டுக்கு 42, பியர்ஸுக்கு 40. இருவரும் அதற்குள் ஓய்வே பெற்றுவிட்டார்கள். நெட்ஸ் விழுந்து கிடந்த வருடங்களின் பிக்குகளில்தான் பாஸ்டனுக்கு ஜேலன் பிரவுன் கிடைத்தார், ஜேசன் டேட்டமுக்கும் வழி பிறந்தது. 2024 கோப்பை வரை அது வந்தது. டிரேட் நடந்த நாளிலேயே போட்டிருக்கக்கூடிய கணக்கு இது.

டல்லஸ் நண்பரே, உங்கள் 2029 பிக்கையும் எழுதிப் பார்த்தேன். அந்த வருடம் லூகாவுக்கு வயது 30. அப்போது லேக்கர்ஸ் கடைசி இடங்களில் கிடக்கும் என்றா எதிர்பார்க்கிறீர்கள்?