தீவுக் குடில் ஓட்டலைப் புதுப்பித்தோம், கூட்டம் குறைந்துவிட்டது. பிசகு எங்கே?

வண்ணாரப்பேட்டை_அடுப்பு:
பாளையங்கோட்டைப் பக்கம் பைபாஸில் 60 பேர் உட்காரும் ஓட்டல். பசிபிக் தீவு அமைப்பு, அமெரிக்காவில் 'டிக்கி' என்பார்களே, அந்த மாதிரி. மது கிடையாது. முன்பு பனையோலைக் கூரை, மூங்கில் தட்டி, மஞ்சள் விளக்கு. தை மாதம் எல்லாவற்றையும் மாற்றினோம்: ஜிப்சம் சீலிங், ஏசி, கண்ணாடி முகப்பு, வெள்ளை டைல்ஸ், 6500 கெல்வின் (பளிச்சென்ற வெள்ளை வெளிச்சம்) எல்இடி, தாழ்ந்த சோபா. செதுக்கிய மர முகங்கள் மட்டும் சுவரில் அப்படியே இருக்கு. மெனு க்யூஆர் கோடில், 90 அயிட்டம். சொதிச் சாப்பாட்டை எடுத்துட்டு ஹவாய் பவுல், டாக்கோ போட்டோம். மாக்டெயில், அதாவது மது இல்லாத கலவைப் பானம், 260 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகூட பாதி மேசை காலி. வந்தவங்க ரெண்டாவது தடவை வரலை. கையில் பணம் குறைவு, முதலில் எதைத் தொடணும்?

ஓலையும்_மூங்கிலும்:
அண்ணாச்சி, முதலில் விளக்கு. 1933ல் ஹாலிவுட்டில் 'டான் தி பீச்கோம்பர்' என்ற டிக்கி கடை தொடங்கின காலத்திலிருந்து இந்த வகைக் கடை விற்பதே இருட்டையும் ஓலையையும்தான். தீவு பொய், அதை நம்ப வைக்கிறது கூடம். வாசலைத் தாண்டினதும் ரோடு மறையணும். நீங்க கண்ணாடி போட்டதால் சாப்பிடுறவர் கண்ணுக்கு லாரிதான் தெரியுது.

6500ஐக் கழற்றி 2700 கெல்வின் (மஞ்சள் வெளிச்சம்), 5 வாட் பல்பு போடுங்க. மேசைப் பலகைக்கு மேல் 75 செ.மீ. உயரத்தில், மேசைக்கு ஒண்ணு, கூடை மூடியோடு தொங்கட்டும். சுற்றிலும் மங்கலா இருக்கலாம், இலையில் மட்டும் வெளிச்சம் விழணும். மீன் முள் தெரியலைன்னா குழந்தையோடு வர்றவங்க மறுபடி வரமாட்டாங்க.

கண்ணாடிக்கு உள்பக்கம் மூங்கில் தட்டி. டைல்ஸும் கண்ணாடியும் சேர்ந்து எதிரொலி கொடுக்கும், நாலு மேசை நிறைஞ்சாலே பேச முடியாது. எதிர்ச் சுவரில் சத்தத்தை உறிஞ்சுற 50 மி.மீ. ராக்வூல் பஞ்சுப் பலகை வெச்சு, மேலே கோரைப் பாய் இழுத்துக் கட்டுங்க. வெறும் பாய் அழகுக்குத்தான், சத்தத்தை உறிஞ்சாது.

சோபாவை வித்துருங்க. உட்காரும் உயரம் 40, டீப்பாய் 45 செ.மீ. இருந்தால் குனிஞ்சு சோறு பிசைய முடியுமா? மேசை 75, நாற்காலி 45, இதுதான் கையால் சாப்பிடுற கணக்கு.

அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேலில் 1956ல் தொடங்கின 'மாய் காய்' என்ற டிக்கி ஓட்டல் 2020ல் கூரை சேதமாகி மூடினது. 2024ல் திறந்தபோது பழைய கூடத்தின் சாயலை விடலை. புதுசாக்க வேண்டியது சமையல்கட்டு, கழிப்பறை, வயரிங். கூடத்தை இல்லை.

இரண்டாம்பால்:
சொதியை எடுத்ததுதான் பெரிய தப்பு. அமெரிக்காவிலேயே டிக்கி கடைகளில் பரிமாறினது பெரும்பாலும் கான்டனீஸ் சமையலைத் தழுவின பண்டம், தீவுச் சமையல் இல்லை. தேங்காய்ப் பால், இஞ்சி, எலுமிச்சை என்று சொதி அந்த ருசிக்கு எவ்வளவோ பக்கம். திருநெல்வேலியில் மறுவீட்டு விருந்துச் சாப்பாட்டை விட்டுட்டு டாக்கோ விற்கலாமா?

90ஐ 22 ஆக்குங்க. ஓடாத அயிட்டத்துக்கு வாங்கின சரக்கு ஃப்ரீசரில் கிடந்து ருசி கெடும். தாத்தா, ஆச்சி கையில் அச்சடிச்ச அட்டை கொடுங்க.

ஓட்டலில் சொதி கெடுவது சூட்டில் வெச்சே இருக்கிறதால், பால் திரிஞ்சிரும். 10 பேருக்கு 3 தேங்காய், 200 கிராம் பாசிப்பருப்பு. காய்களை மூணாம் பால், ரெண்டாம் பாலில் வேகவெச்சு, பருப்பு சேர்த்து அடிப்படையை மட்டும் சூட்டில் வையுங்க. முதல் பால் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். அஞ்சு தட்டுக்கு ஒரு தடவை கலந்து, ஓரத்தில் நுரை கூடினதும் இறக்கி, அப்புறம்தான் எலுமிச்சை. இஞ்சித் துவையல் இல்லாமல் அனுப்பாதீங்க.

பானம்: டிக்கி கடைக்காரர் டிரேடர் விக் 1944ல் அமெரிக்காவின் ஓக்லண்டில் செய்த 'மாய் டாய்' என்ற ரம் பானத்தின் உயிர் பாதாம் சிரப். பாட்டில் சிரப்பு ஊத்தினால் எல்லாம் ஒரே இனிப்பு. 250 கிராம் பாதாமை 8 மணி நேரம் ஊறவெச்சு, தோலுரிச்சு, அரை லிட்டர் தண்ணீரில் அரைச்சு வடிகட்டுங்க. அந்தப் பாலில் 500 கிராம் சர்க்கரையை இளஞ்சூட்டில் கரைங்க, கொதிக்க விட்டால் எண்ணெய் பிரியும். ஒரு வாரம் ஃபிரிட்ஜில் நிற்கும். ரம் இல்லாததால் துவர்ப்புக்கு ஆறின கடுந்தேநீர் 45 மி.லி., சிரப் 20, எலுமிச்சைச் சாறு 20, ஆரஞ்சுச் சாறு 15, ஒரு கோப்பை நொறுக்கின ஐஸ். நம்ம நாட்டு எலுமிச்சையே இதுக்குச் சரி. 120 ரூபாய்க்குக் கொடுக்கலாம். மீனுக்குப் போடுற பார் ஐஸை இதில் தொடவே கூடாது.

பதநீரைக் கலக்காதீங்க. அதில் உள்ள சுண்ணாம்பும் எலுமிச்சைப் புளிப்பும் ஒண்ணையொண்ணு முறிச்சிரும். தனியா, குளிரா, அன்னைக்கே விற்கணும். புளிச்சால் கள், அப்புறம் சட்டச் சிக்கல்.

தச்சநல்லூர்_தட்டி:
ரெண்டு விஷயம். 'மாக்டெயில்' என்ற பேரும் மங்கல் விளக்கும் சேர்ந்தால் நம்ம ஊரில் பார் என்றுதான் நினைப்பாங்க. அட்டையில் 'குளிர்பானம்' என்று எழுதி, 'மது இல்லை' என்று வாசலிலேயே பலகை வையுங்க.

அந்த முகங்களை இறக்குங்க. டிக்கி என்கிறதே அந்த மாதிரிச் செதுக்கின உருவம்தான், பசிபிக் தீவுகளின் பாலினீசிய மக்களுக்கு அது முன்னோர், தெய்வ உருவம். சுடலைமாடன் பீடத்தை ஒருத்தர் ஓட்டல் அலங்காரமா வெச்சால் நமக்கு எப்படி இருக்கும்? வெள்ளைச் சுவரில் அது திருஷ்டி பொம்மை மாதிரி வேற தெரியுது. அங்கே பனைநார்க் கூடை, மீன் பறி, துடுப்பு மாட்டலாம்.

வண்ணாரப்பேட்டை_அடுப்பு:
புரியுது. சீலிங்குக்குக் கீழே மறுபடி பனையோலை கட்டலாமா? ஏசி ஓடுதே.

ஓலையும்_மூங்கிலும்:
சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே வேண்டாம், தூசியும் பல்லி எச்சமும் இலையில் விழும். கல்லாவுக்கு மேலேயும் சுவர் ஓரத்தில் 2 அடி இறவாரம் மாதிரியும் போதும். நல்லாக் காய்ஞ்ச ஓலைக்குத் தீத்தடுப்பு மருந்து ரெண்டு கை அடிச்சு, உலர்ந்த பிறகு கட்டுங்க. பல்பும் வயரும் ஒரு அடி தள்ளியே இருக்கணும். ஏசிக் காற்று நேரா படுற இடத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், அங்கே ஓலைக்குப் பதில் மூங்கில் தப்பை அடிங்க.