திருமணம் ஆகாத பெண் தத்தெடுப்பது: உறவினரின் கையெழுத்து அவசியமா?

தேன்மொழி, கோயம்புத்தூர்:
வணக்கம். எனக்கு வயது 41. திருமணம் வேண்டாம் என்று முடிவெடுத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன்; வீட்டில் அம்மாவும் நானும்தான். ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க விரும்புகிறேன். என் தம்பியோ, "ஊர் நாலு விதமாகப் பேசும், வேண்டுமானால் என் சின்ன மகளையே எடுத்துக்கொள்" என்கிறான். எனக்குக் கைக்குழந்தை கிடைக்குமா, தம்பியின் சம்மதம் தேவையா, பிற்காலத்தில் தந்தை பெயர் கேட்கும் இடங்களில் என்ன செய்வது என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ராமலிங்கம் (தத்து மையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):
அம்மா, 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனியாக விண்ணப்பிப்பவரின் வயது 40ஐத் தாண்டக் கூடாது. ஆகவே கைக்குழந்தைக்கு வழியில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு வரம்பு 45 என்பதால், மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் (CARA) இணையதளத்தில் தாமதமின்றிப் பதிவு செய்யுங்கள். தனிப்பெண் ஆண், பெண் எக்குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குத்தான் பெண் குழந்தையைத் தருவதில்லை. தம்பியின் சம்மதம் என்று சட்டம் எதையும் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக நெருங்கிய உறவினர் ஒருவரின் உறுதிமொழிக் கடிதம் வேண்டும். வீட்டுக்கு ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் உங்கள் சம்பளச் சீட்டைவிட இதைத்தான் துருவிக் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

மீனா, மதுரை:
நான்கு வயதில் வந்த பையனுக்கு நான் ஒற்றை அம்மா. தந்தை பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம்; பிறப்புச் சான்றிதழில் என் பெயர் மட்டுமே இருக்கிறது, பாஸ்போர்ட்டுக்கும் 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். காகிதங்களைவிடக் கடினமாக இருந்தவை முதல் சில மாதங்கள். சாப்பிட்டு முடித்த பிறகும் பிஸ்கட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பான். எடுத்து எறியாமல், அவன் கைக்கெட்டும் இடத்தில் ஒரு டப்பாவை வைத்து, அது காலியாகாமல் பார்த்துக்கொண்டேன். அந்த நாட்களில் இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் வந்து நிற்க எனக்கு ஓர் அத்தை இருந்தார். உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று இப்போதே யோசியுங்கள்.

செல்வி, திருச்சி:
தம்பி மகளைத் தத்தெடுக்க 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் இடமுண்டு. முறைப்படி செய்த தத்தெடுப்பை ரத்து செய்ய முடியாது என்பதையும் தம்பிக்குச் சொல்லுங்கள். பெற்றவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்க, உங்களை அம்மா என்று அழைக்கும் அந்தப் பெண் ஒவ்வொரு தீபாவளிக்கும் யார் வீட்டுக்குப் போவாள்? ஊர் வாய்க்கு அஞ்சிச் செய்யும் ஏற்பாடாகவே இது எனக்குத் தோன்றுகிறது.

தேன்மொழி:
அனைவருக்கும் நன்றி. பொள்ளாச்சியில் இருக்கும் பெரியம்மா மகளிடம் பேசினேன். கடிதத்தில் கையெழுத்திட அக்கா சம்மதித்துவிட்டார். தம்பியிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.