நத்தாருக்கு முந்திய 24 இரவுகள்: நம் ஊர்ப் பேய்க்கதையை எப்படிச் சொல்வது?

கேள்வி: கல்லடி வாசகன்

அனைவருக்கும் வணக்கம். திகில் கதைகளில் பித்துக்கொண்ட நாங்கள் ஏழு பேர், டிசம்பர் முதலாம் திகதி தொடங்கி 24ஆம் திகதி வரை, இரவுக்கு ஒரு கதையாக எங்கள் குரலிலேயே பதிவுசெய்து வட்ஸ்அப் குழுவில் பகிர்வதென்று முடிவெடுத்திருக்கிறோம். ஒரு கதை 200 சொற்களைத் தாண்டக்கூடாது, அது சொந்தக் கதையாகவும் இருக்க வேண்டும் என்பவை மட்டுமே நிபந்தனைகள். மழை பிடித்துவிட்டால் மின்சாரம் எந்த நேரத்தில் போகும் என்று சொல்ல முடியாத மாதம் அது. இருட்டில் படுத்துக்கிடந்து கதை கேட்பதற்கு மட்டக்களப்பில் இதைவிட நல்ல காலம் இல்லை.

இதுவரை 11 கதைகள் கைக்கு வந்துள்ளன. அவற்றைப் படித்த பிறகு இரண்டு விடயங்களில் உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. முதலாவது, பாதிக்கு மேற்பட்ட கதைகளில் பனி பெய்கிறது, கணப்பு எரிகிறது, பழைய மாளிகையின் மரப்படிகள் முனகுகின்றன. எழுதியவர்களோ ஆரையம்பதியிலும் வந்தாறுமூலையிலும் இருப்பவர்கள். இதை அவர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது? இரண்டாவது விடயம் பாரமானது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன ஒருவர் கல்லடிக் கரையில் இரவில் நடந்து திரிவதாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எழுத்து நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அதைக் கேட்ட ஒருவர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அதைச் சேர்ப்பதா, விடுவதா?

என் கதையையும் கீழே தருகிறேன். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

“முழுநிலவன்று கல்லடிப் பாலத்தின் கீழே தோணியை நிறுத்தினேன். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியில் காதை வைத்தேன். மீன்கள் பாடிக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் பாட்டு நின்றது. துடுப்பு இலேசாகக் கனத்தது. கீழ் நுனியிலும் யாரோ காதை வைத்திருக்கிறார்கள். அது சென்ற வருடம் இதே இடத்தில் மூழ்கி இறந்த என் அண்ணன் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.”

பதில் 1: புளியந்தீவு ஆசிரியை

தம்பி, முதலில் உங்கள் கதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைசி வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். கீழ் நுனியில் யாரோ காதை வைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் என் கை தானாகவே காதுக்குப் போனது. அடுத்த வாக்கியம் வந்து அது அண்ணன் என்று சொன்னவுடன் அந்தக் கை இறங்கிவிட்டது. அண்ணனென்றால் இரக்கம் வரும், அழுகையும் வரும், பயம் போய்விடும். யாரென்று தெரியாமல் இருக்கும்வரைதான் அந்தத் துடுப்பைக் கையில் பிடித்திருக்க முடியாது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். மீன்கள் பாடின என்று எழுதினால் நம் ஊரார் அனைவரும் அதைத் தெரிந்த விடயமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். 1848இல் இங்கே வந்து வாவியில் அந்த ஒலியைக் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வுக்கு அதை ஒப்பிட்டிருக்கிறார். அவர் வெளியூர்க்காரர் என்பதால் அது அவருடைய காதில் புதிதாக விழுந்தது. உங்கள் கதை சொல்பவரும் அந்த ஒலியை அன்றுதான் முதன்முதலில் கேட்பவரைப் போலக் கேட்க வேண்டும்.

பனியைப் பற்றிக் கேட்டீர்கள். நத்தாரையொட்டிப் பேய்க்கதை சொல்வது இங்கிலாந்தில் நெடுங்கால வழக்கம். வருடத்தின் மிக நீண்ட இரவுகள் அப்போதுதான் வருகின்றன. வெளியே போக முடியாதபடி குளிர் அனைவரையும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார வைக்கிறது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் தம் புகழ்பெற்ற நத்தார்ப் பேய்க்கதையை வெளியிட்டது அந்த வழக்கத்துக்கு அச்சில் பெரிய இடத்தைத் தேடிக்கொடுத்தது. பின்னாளில் எம். ஆர். ஜேம்ஸ் என்ற அறிஞர், கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் நத்தார் காலத்தில் தம் நண்பர்களை அறையில் கூட்டி, தாம் எழுதிய கதைகளைத் தாமே வாசித்துக் காட்டுவார். நீங்கள் செய்யப் போவதும் ஏறத்தாழ அதுதான். கவனமாக இல்லாவிட்டால் இது எனக்கும் நேர்ந்துவிடலாம் என்று கேட்பவர் எண்ண வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பனியையே கண்டிராத வந்தாறுமூலைப் பிள்ளைக்குப் பனியில் வரும் பேய் ஒருபோதும் நேராது. நம்மை ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பது வாடைக்காற்றோடு வரும் மழை. மாளிகைக்குப் பதிலாகத் தகரக் கூரையையும், மழை சட்டென்று ஓய்ந்ததும் அந்தக் கூரையில் தொடர்ந்து கேட்கும் ஒரு சத்தத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

மார்கழி விடியலில் திருவெம்பாவைக்காகச் சங்கும் சேமக்கலமும் ஒலித்துக்கொண்டு இருட்டில் வருவார்களே, அதே சங்கையும் அதே சேமக்கலத்தையும்தான் நாம் செத்த வீட்டிலும் கேட்கிறோம். நான்கு மணிக்கு விழித்துக்கொண்ட ஒரு சிறுபிள்ளைக்கு, நெருங்கி வருவது இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? இதை யாராவது எழுதினால் மகிழ்வேன்.

பதில் 2: வட்டைக்காவல்

நான் தம்பிலுவில் பக்கத்தைச் சேர்ந்தவன். எழுதிப் பழக்கமில்லை, ஆனால் பெரும்போகக் காலத்தில் பல வருடங்கள் வயலில் உயரக் கட்டிய பரணில் காவல் இருந்திருக்கிறேன். ஆசிரியை அக்கா சொன்னதைப் பார்த்ததும் எனக்கும் ஒன்றைச் சொல்லத் தோன்றியது.

எங்கள் வட்டையில் இரவு வேளையில் யானையை யானை என்று சொல்ல மாட்டோம். பெரியவர் என்போம். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்பது அப்பாவின் நம்பிக்கை. படித்த பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் பரணில் தனியாக இருக்கும் இரவில் அவர்களும் பெரியவர் என்றுதான் சொன்னார்கள். நீங்களும் கதையில் பேய் என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதாமல் விட்டுப் பாருங்கள்.

பரணில் இருப்பவர்கள் நித்திரையாகிவிடாமல் இருக்க, இடைக்கிடை ஒருவருக்கொருவர் கூக்காட்டுவோம். ஒருவர் கூப்பிட்டால் அடுத்த பரணில் இருப்பவர் பதில் கொடுக்க வேண்டும். அதை வைத்து நான் பின்னிய கதை இது.

“நடுச்சாமத்தில் கூக்காட்டினேன். வழமை போல மருதமரத்தடிப் பரணிலிருந்து மூத்தவரின் பதில் வந்தது. மழை வலுத்தது. மீண்டும் கூக்காட்டினேன். பதில் வாய்க்கால் கட்டிலிருந்து வந்தது. மூன்றாம் முறை நான் கூக்காட்டவில்லை. பதில் என் ஏணியடியிலிருந்து வந்தது.”

முதலில் இதை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். மூத்தவரைப் பெரியவர் அடித்துவிட்டதையும், காலையில் சனங்கள் கூடியதையும், ஏணியில் சேறு ஒட்டியிருந்ததையும் எழுதியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு வாசித்துக் காட்டியபோது, ஏணியடி வந்த இடத்தில் அவள் என் கையைப் பிடித்தாள். சேற்றைப் பற்றி வாசிக்கும்போது கையை விட்டுவிட்டாள். அன்றைக்கே மிச்சத்தை அடித்துவிட்டேன்.

பதில் 3: மருதமுனை நானா

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்கிறேன். அந்தக் கதையைச் சேர்க்காதீர்கள்.

அந்தக் காலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். எங்கள் வளவுக்கும் கடலுக்கும் இடையில் இருந்த மூன்று ஒழுங்கைகளில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றும் வீடு வீடாகச் சொல்வேன். அவர்களில் ஒருவரை இரவில் நடந்து திரிந்து மற்றவரைப் பயமுறுத்தும் உருவமாக மாற்றுவதற்கு, அவரை அறியாத ஒருவருக்கு என்ன உரிமை இருக்கிறது? எங்கள் உம்மம்மா ஜின் கதை சொல்லுவா; நாங்கள் பாயோடு சுருண்டு கிடந்து கேட்போம். ஆனால் ஊரில் மௌத்தானவர்களை அவ ஒருபோதும் கதைக்குள் இழுத்ததில்லை. அவர்களுக்காக துஆ கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுவா. எழுதிய தம்பி கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. இருந்தாலும், எழுந்து வெளியே போனவரின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

பதில் 4: நாவலடிப் பெண்

நானா சொல்வதை மறுத்துப் பேசுவதற்கு எனக்கு வயதும் போதாது, மனமும் வரவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். என் அம்மா அன்றைக்குத்தான் போனா. எனக்கு அப்போது ஒன்பது வயது. முதல் நாள் நத்தார். நான் உடுத்திய புதுச்சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இறந்தவர்களைக் கதையில் கொண்டுவரவே கூடாது என்று பொதுவாக விதித்துவிட்டால், என் போன்றவர்கள் எழுதுவதற்கு எதுவும் மிஞ்சாது. அம்மாவின் படம்கூட எங்களிடம் இல்லை. அவ வருவது எனக்குக் கதையில் மட்டும்தான். நான் எழுதியதை இங்கே தருகிறேன்.

“நாவலடியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும்தான் மிஞ்சியது. கயிறு இல்லை, வாளியும் இல்லை. நத்தாரன்று விடியப்புறம் தனியே போனேன். மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது. கிணற்றுக்கட்டு நனைந்திருந்தது. சவர்க்காரம் மணந்தது. கோயிலுக்குப் போவதற்காக அம்மா எங்களைக் குளிப்பாட்டும் நேரம் அது. என் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.”

இதைப் படித்துவிட்டு மாமி, பாவம் செய்கிறாய் என்று ஏசினா. தங்கச்சி வாங்கிக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்திருக்கிறாள். அடுத்தவர் வீட்டு இறப்பைத் தொடக்கூடாது என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். தன் வீட்டுக்கு வந்தவரைக் கதவைத் திறந்து உள்ளே விடுவதை மட்டும் தடுக்காதீர்கள்.

பதில் 5: மருதமுனை நானா

தங்கச்சி, உங்கள் கதையை இரண்டு முறை வாசித்தேன். அது பேய்க்கதை என்று எனக்குத் தோன்றவில்லை. நான் சொன்னது உங்களை நோகச் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். தன் உம்மாவைப் பற்றி ஒரு மகள் சொல்வதை நிறுத்தச் சொல்ல நான் யார்? அந்தக் கதை எந்த இரவில் வருகிறதென்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். கேட்க முடியாதவர்கள் அன்றைக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். நான் கேட்பேன்.

கேள்வி கேட்டவரின் மறுபதில்: கல்லடி வாசகன்

அனைவருக்கும் நன்றி. கரையில் நடக்கும் உருவத்தைப் பற்றி எழுதிய நண்பருக்கு இந்தப் பதில்கள் எல்லாவற்றையும் அனுப்பினேன். அவர் அந்த அனர்த்தத்தின்போது கொழும்பில் இருந்தவர். அதில் உறவினர் எவரையும் இழக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தானாகவே கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குப் பதிலாக, ஆசிரியை அக்கா சொன்ன சேமக்கலத்தை எடுத்து எழுதத் தொடங்கியிருக்கிறார்.

நாவலடி அக்காவின் கிணற்றுக் கதையை, அவர் சம்மதித்தால், அவருடைய குரலிலேயே 24ஆம் திகதி கடைசியாக வைக்க விரும்புகிறோம். அது எந்தக் கதை என்று முதல் நாளே குழுவில் தெரிவித்துவிடுவோம். அதற்குப் பிறகு 26ஆம் திகதி முடியும்வரை யாரும் எதையும் பகிர மாட்டோம்.

துடுப்புக் கதையின் கடைசி வாக்கியத்தை நீக்கிவிட்டேன். நேற்று இரவு அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்த பிறகு அவ ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கதவின் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து படுத்தா.

வட்டைக்காவல் அண்ணா, உங்கள் பரண் கதைதான் முதலாம் இரவுக்கு. நவம்பர் 30க்கு முன்னர் பதிவுசெய்து அனுப்பிவையுங்கள். பின்னால் மழைச் சத்தம் கேட்டால் அதை அகற்ற வேண்டாம். இரண்டாவது கூவலுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் கொஞ்ச நேரம் அந்த மழை மட்டும் கேட்கட்டும்.