சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு நாயை அழைத்துச் செல்ல எத்தனை மாதம் முன்பே தொடங்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். என் கணவருக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் 1ஆம் தேதி அவர் பணியில் சேர வேண்டும். இது ஜனவரி நடுப்பகுதி. நாங்கள் இருவரும் எங்கள் ஆறு வயது நாயும் ஒன்றாகவே குடிபெயர விரும்புகிறோம். அவள் வேளச்சேரியில் எங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய், எடை 18 கிலோ. ரேபிஸ் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட்டு வருகிறோம். கடைசியாகச் சென்ற ஆகஸ்டில் போட்டோம். அடையாள எண்ணுக்காகத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பை இதுவரை பொருத்தவில்லை. நான் விசாரித்த முகவர் ஒருவர், ஊசிச் சீட்டு இருந்தால் போதும், பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அது சரிதானா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். தீபாவளி இரவு முழுவதும் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடப்பவள் அவள். பத்து மணி நேரம் விமானத்தின் அடிப்பகுதியில் தனியாக இருப்பதை அவளால் தாங்க முடியுமா? விட்டுவிட்டுப் போகவும் எங்களுக்கு மனம் வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

சகோதரிக்கு வணக்கம். நான் என் லாப்ரடாரைச் சென்னையிலிருந்து மூனிக்குக்கு அழைத்து வந்தவன். அந்த முகவரின் பேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள். இரண்டு வாரத்தில் இந்த வேலை முடியாது. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வரும் நாய்க்குக் குறைந்தது நான்கு மாதம் தேவை. பணம் கூடுதலாகக் கொடுத்தாலும் அந்தக் காலத்தைக் குறைக்க முடியாது.

காரணம் இதுதான். ரேபிஸ் கட்டுக்குள் இருப்பதாக ஒன்றியம் பட்டியலிட்டுள்ள நாடுகளில் இந்தியா இல்லை. ஆகவே ஊசி போட்டதற்கான சீட்டு மட்டும் போதாது. அந்த ஊசி உடலில் வேலை செய்திருக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனையால் காட்ட வேண்டும். முதலில் 15 இலக்க எண் கொண்ட, ஐ.எஸ்.ஓ. தரத்திலான மைக்ரோசிப்பைப் பொருத்த வேண்டும். அதன் பிறகே, அதே நாளில் என்றாலும் சிப்புக்கு அடுத்தபடியாகவே, ரேபிஸ் ஊசி போட வேண்டும். ஊசி போட்டு 30 நாளேனும் கடந்த பின் இரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புப் பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பிறகுதான் நாய் ஒன்றியத்துக்குள் நுழையலாம். முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல.

உங்கள் ஆகஸ்ட் ஊசி சிப் இல்லாமல் போட்டது என்பதால் இந்தக் கணக்கில் சேராது. இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். என் நாய்க்கு ஊசியை முதலிலும் சிப்பை ஒன்பது நாள் கழித்தும் போட்டுவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. மறுபடி ஊசி போட்டு முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. நான் முன்னால் போய்விட, அவன் ஏழு வாரம் என் தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் ஜனவரி 20ஆம் தேதி சிப்பும் ஊசியும் போட்டால், ஓரிரு நாள் தள்ளியே வைத்துப் பிப்ரவரி 22ஆம் தேதி இரத்தம் எடுக்கலாம். மே 22ஆம் தேதி தாண்டினால் பயணம். நாள் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் இனி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட இடமில்லை.

கடைசிக் கட்டத்தில் அரசுக் கால்நடை மருத்துவ அதிகாரியின் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அங்கே போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய பத்து நாளுக்குள் அது வழங்கப்பட்டிருக்க வேண்டும். மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் உங்களுக்குப் பக்கத்திலேயே, பள்ளிக்கரணையில் இருக்கிறது. நாயை நேரில் கொண்டுபோக வேண்டியிருக்கும். என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதை இப்போதே போய்க் கேட்டு வைத்துவிடுங்கள். கணவர் முன்னால் சென்றாலும் நாய் அவருடைய பயணத்துக்கு ஐந்து நாள் முன்னோ பின்னோ வந்துவிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதைத் தாண்டினால் வணிக இறக்குமதிக்கான விதிகள் பொருந்தும்; அவை இன்னும் கடினமானவை.

ஊசிப் புத்தகத்தில் இனம் என்ற இடத்தைக் காலியாக விடாமல் நாட்டு நாய் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பிட்புல், புல் டெரியர் உள்ளிட்ட நான்கு இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் ஜெர்மனிக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது.

மறுமொழி 2

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் கோவையிலிருந்து ஒரு பெட்டை நாயுடன் நெதர்லாந்துக்குப் போனவள். 18 கிலோ நாயைப் பயணிகள் பகுதியில் ஏற்ற மாட்டார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் பையோடு சேர்த்து ஏறத்தாழ 8 கிலோதான் உச்சம். அடிப்பகுதியில் விலங்குகளை வைக்கும் அறையில் காற்றழுத்தமும் வெப்பநிலையும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். ஆகவே அஞ்ச வேண்டியது குளிரையோ மூச்சையோ அல்ல; பழக்கமில்லாத ஒரு பெட்டியில் பழக்கமில்லாத சத்தத்தோடு அடைபட்டுக் கிடப்பதைத்தான்.

அதற்கு உங்களிடம் நான்கு மாதம் இருக்கிறது. கூண்டை இந்த வாரமே வாங்குங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, முன்னங்கால் முழங்கையிலிருந்து தரை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம் கிடைக்கும். தோளகலத்தைப் போல் இரு மடங்கு அகலம். நிற்கும்போது காது நுனி கூரையில் இடிக்காத உயரம். நாட்டு நாய்களுக்குக் காது நிமிர்ந்திருக்கும் என்பதால் அதையும் சேர்த்தே அளவெடுங்கள். கதவைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் வையுங்கள். நான் என் பழைய பருத்திப் புடவையை உள்ளே விரித்து, சோற்றுத் தட்டை முதலில் வாசலில் வைத்தேன். தினமும் ஒரு சாண் உள்ளே தள்ளிக்கொண்டே போனேன். மூன்றாம் வாரம் மத்தியானத்தில் பார்த்தால், அவள் தானாகவே உள்ளே போய், மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் கதவை மாட்டினேன். பயண நாளில் அதே புடவையைத் துவைக்காமல் உள்ளே போட்டனுப்பினேன்.

தூக்க மருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பறக்கும்போது இரத்த அழுத்தமும் மூச்சும் தாழ்ந்துபோகக்கூடும். மயக்கத்தில் இருக்கும் நாயைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்றுவதும் இல்லை. பிராங்பர்ட்டுக்குச் சென்னையிலிருந்தே நேரடி விமானம் இருப்பதால், இடையில் மாறும் பயணத்தை, கட்டணம் குறைவாக இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் கூண்டு வெளியே காத்திருக்காதபடி இரவு நேர விமானமாகப் பாருங்கள். வெப்பம் மிகுந்த நாட்களில் விலங்குகளை ஏற்றுவதில்லை என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. பயணச்சீட்டு எடுக்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 3

மேலே இருவரும் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிப் பொருத்தியவுடன் மருத்துவரையே கருவியால் படிக்கச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிப்போடு வரும் பட்டைக்குறி ஒட்டியை ஊசிப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கையால் எழுத விடாதீர்கள். எங்களுக்கு ஒருவர் எழுதிய 1 ஆய்வகத்தாரின் கண்ணுக்கு 7ஆகத் தெரிந்து, முடிவுத் தாளில் எண் மாறி அச்சாகி வந்தது. திருத்திய தாள் வருவதற்குள் பதினேழு நாள் ஓடிவிட்டது. ஊசிப் புத்தகம், ஆய்வக முடிவு, சுகாதாரச் சான்றிதழ் ஆகிய மூன்றிலும் 15 இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துச் சரிபாருங்கள்.

ஜெர்மனி போனபின் அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பியச் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு வாங்கி, இந்த இரத்தப் பரிசோதனை முடிவையும் அதில் பதியச் சொல்லுங்கள். அடுத்தடுத்த ஊசிகளை நாள் தவறாமல் போட்டுவந்தால், என்றாவது அவளோடு ஊருக்கு வந்து திரும்பும்போது மூன்று மாதக் காத்திருப்பு மறுபடி வராது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை, 20ஆம் தேதி, எங்கள் மருத்துவரிடம் போய் முதலில் சிப், பிறகு ஊசி என்று நின்று பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தோம். எண்ணைப் படம் எடுத்துக்கொண்டோம், ஒட்டியும் ஒட்டியாயிற்று. பிப்ரவரி 22 ஞாயிற்றுக்கிழமை என்பதால் மறுநாள் திங்கள் காலை இரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்; ஆகவே மே 23க்குப் பிறகுதான் விமானம் பார்க்கப் போகிறோம். கூண்டு இன்று வந்து கூடத்தில் இருக்கிறது. இப்போதைக்குச் சுற்றிச் சுற்றி வந்து முகர்கிறாள். முன்னங்கால் ஒன்றை மட்டும் உள்ளே வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.