ஏற்றுமதி ஆடைகளும் மாறிவரும் இரசாயன விதிகளும்: சிறு நிறுவனம் எப்படி ஈடுகொடுப்பது?

நொய்யல்கரை (கேள்வி):

வணக்கம். திருப்பூரில் குழந்தைகளுக்கான பின்னலாடைகளைத் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் சிறிய நிறுவனம் எங்களுடையது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் அனைத்தும் வெளியில் ஜாப் ஒர்க்காக நடக்கின்றன. எங்கள் கூரையின் கீழ் நடப்பது கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் மட்டுமே. இரசாயனம் எதையும் நாங்கள் கையாள்வதில்லை. ஆயினும், தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலொன்றைப் பையர்கள் ஆண்டுதோறும் அனுப்புகிறார்கள்; ஒவ்வொரு முறையும் அது நீண்டுகொண்டே போகிறது. கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பினால், பட்டியலில் உள்ள எதுவும் எங்கள் ஆடையில் இல்லை என்று நாங்களே உறுதியளித்ததாகிவிடும்.

பெரிய நிறுவனங்களில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது. எங்களிடமோ, ஆர்டர் முதல் ஷிப்மென்ட் வரை எல்லாவற்றையும் கவனிக்கும் ஒரே மெர்ச்சண்டைசர்தான் இதையும் பார்க்க வேண்டும். விதிகள் மாறுவதை முன்கூட்டியே அறிந்துகொள்ள என்ன வழி? ஒவ்வொரு லாட்டையும் (ஒரே முறையில் சாயமிட்ட துணித் தொகுதி) எல்லாச் சோதனைகளுக்கும் அனுப்பினால், கிடைக்கும் இலாபம் ஆய்வகக் கட்டணத்துக்கே போய்விடும். அனுப்பாமல் விடவும் மனம் ஒப்பவில்லை, அணியப்போவது கைக்குழந்தைகள்.

ஆய்வக வேதியியலாளர்:

விதிகளைத் தொடர்வது நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினமன்று. இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் (REACH) சட்டம் 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் ஆடைகளைத் தொட்ட முக்கியமான கட்டுப்பாடுகள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அவகாசம் கொடுத்தே அமலாகியிருக்கின்றன. துவைக்கக்கூடிய துணிகளில், சோப்பு போன்றவற்றில் கலந்து வரும் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் எடையில் 0.01 சதவீதத்தை எட்டக் கூடாது என்ற விதி 2016 ஜனவரியில் வெளியாகி, 2021 பிப்ரவரி 3 முதல் அமலுக்கு வந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டு அவகாசம். புற்றுநோய், மரபணுப் பாதிப்பு, இனப்பெருக்கப் பாதிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றையாவது உண்டாக்கக்கூடிய 33 பொருட்களுக்கு ஆடைகளில் வரம்பு விதித்த ஆணை 2018-ல் வெளியாகி 2020 நவம்பர் 1 அன்று அமலானது. சுருக்கம் விழாத ஃபினிஷிலிருந்து வெளிப்படக்கூடிய ஃபார்மால்டிஹைடுக்குக் கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்ற வரம்பு அதில்தான் வருகிறது. ஆகவே அரசு ஆணை உங்களைத் திடீரென்று தாக்குவது அரிது. திடீரென்று வருவது பையரின் மின்னஞ்சல்தான், ஏனெனில் பையர்களும் தரச்சான்று அமைப்புகளும் சட்டத்தின் இறுதித் தேதிக்குக் காத்திராமல் முன்னதாகவே வரம்பை இறுக்கிவிடுகிறார்கள். ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற துணித் தரச்சான்றின் வரம்புகள் ஆண்டுதோறும் திருத்தப்பட்டு, வழக்கமாக ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. அதில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஆடைக்கு ஃபார்மால்டிஹைடு வரம்பு கிலோவுக்கு 16 மில்லிகிராம்தான்.

உங்கள் மெர்ச்சண்டைசர் இரண்டு இடங்களைப் பார்த்துவந்தால் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். ஹெல்சிங்கியில் உள்ள ஐரோப்பிய இரசாயன முகமை, மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலை வழக்கமாக ஜனவரியிலும் ஜூனிலும் புதுப்பிக்கிறது. மற்றது சேஃப்டி கேட் என்னும் ஐரோப்பிய எச்சரிக்கைத் தளம். எந்தப் பொருள், எந்த நாட்டில், எந்தக் காரணத்துக்காகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது என்பதை அது வாராவாரம் வெளியிடுகிறது. குழந்தைகள் ஆடைகளில் எவை சிக்குகின்றன என்று சில மாதங்கள் கவனித்தாலே, எந்தச் சோதனைக்குப் பணம் செலவிட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

ஒரு வேண்டுகோள்: ரிப்போர்ட்டில் 'பாஸ்' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் வைத்துவிடாதீர்கள். தடை செய்யப்பட்ட அசோ சாயங்களுக்கான சோதனையில், சாயத்தை வேதிமுறையில் உடைத்து, வெளிப்படும் அரோமேட்டிக் அமீன்களை அளக்கிறோம். ஒவ்வோர் அமீனுக்கும் வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். ஆனால் 4-அமினோஅசோபென்சீன் என்ற ஒன்று அந்த முதற்சோதனையிலேயே மேலும் உடைந்து அனிலீனாக வெளிப்படக்கூடும். ரிப்போர்ட்டின் அடியில் அனிலீன் பற்றிய குறிப்பு இருந்தால், அதற்கென உள்ள இரண்டாம் சோதனை செய்யப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள்.

சாயப்பட்டறை மேலாளர்:

மேலே சொன்னவை எனக்கும் உடன்பாடே. ஆனால் விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது பாதி வேலைதான். உங்கள் துணியைத் தொட்ட டிரம்மில் என்ன இருந்தது என்று தெரியாதவரை அந்த அறிவால் பயனில்லை. நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தனிப் பொருளாக வாங்கும் பட்டறை எதுவும் இராது. அது வெட்டிங் ஏஜென்ட் (துணி எளிதில் நனைய உதவும் பொருள்), வாஷிங் சோப்பு, பிக்மென்ட் பேஸ்ட், நிட்டிங் ஆயில் ஆகியவற்றுக்குள் கலந்து வருகிறது. தண்ணீரில் சேர்ந்தபின் நோனைல்ஃபீனாலாகச் சிதைந்து மீன்களின் ஹார்மோன் சுரப்பையே குலைக்கிறது. சாயக் கழிவுநீர் வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைக் கண்ட ஊர் நம்முடையது. நொய்யல் ஆற்றில் விட்டது நம்மிடமே திரும்பி வரும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு பதிவேடு இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு டிரம்முக்கும் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், எம்எஸ்டிஎஸ் (பொருளின் பாதுகாப்பு விவரத்தாள்) தேதி, பாதுகாப்பான துணி இரசாயனங்களைப் பட்டியலிடும் இசட்.டி.எச்.சி. (ZDHC) கேட்வே தளத்தில் அந்தப் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரம் ஆகியவை பதியப்பட்ட பிறகே அது ஸ்டோரிலிருந்து மெஷினுக்குப் போகும். வாங்கும் பொருள் கிடைக்காத நாளில் வியாபாரி "இதுவும் அதேதான்" என்று வேறொரு டிரம்மை இறக்கிவிட்டுப் போவார். பெரும்பாலான தவறுகள் நுழைவது அந்த நாளில்தான். ஆகவே உங்கள் ஜாப் ஒர்க் ஆர்டரிலேயே, முன் அறிவிப்பின்றி எந்த இரசாயனத்தையும் மாற்றக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். டெலிவரி சலானுடன் அந்த லாட்டின் ரெசிப்பி (சேர்த்த சாயங்கள், இரசாயனங்களின் விவரம்) நகலையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாற்றுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, தடை செய்யப்பட்டதன் நெருங்கிய உறவை ஒருபோதும் வாங்காதீர்கள். தண்ணீர் ஒட்டாத ஃபினிஷுக்கு முன்பு பயன்பட்ட, எட்டு கார்பன் கொண்ட ஃபுளூரின் வேதிப்பொருட்கள் 2020-ல் ஐரோப்பாவில் தடைக்குள்ளாகிப் பலர் ஆறு கார்பன் வகைக்கு மாறினார்கள். 2026 அக்டோபர் முதல் பொதுமக்களுக்கான ஆடைகளில் அதற்கும் கட்டுப்பாடு. ஃபுளூரினே இல்லாத வகைக்கு அப்போதே போனவர்களுக்கு ஒருமுறை மாறியதோடு வேலை முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரசாயனம் எதையும் கையாள்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன் இருக்கிறதல்லவா? அதில் ஊற்றுவது என்ன? பல யூனிட்டுகளில் அது லேபிள் இல்லாத பழைய தண்ணீர் பாட்டிலில் வருகிறது. அது டிரைகுளோரோஎத்திலீனாக இருந்தால், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது அது. 2016 ஏப்ரல் முதல் ஐரோப்பாவில் சிறப்பு அனுமதியின்றி அதைப் பயன்படுத்த முடியாது. ஆடையில் அதன் எச்சம் இருக்கிறதா என்பதைவிட, நாள் முழுவதும் அதன் ஆவியைச் சுவாசிக்கும் பெண்களின் உடல்நலமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதலில் அந்தப் பாட்டிலை மாற்றுங்கள்.

நொய்யல்கரை:

இருவருக்கும் நன்றி. பாட்டிலைப் பார்த்தேன், லேபிள் இல்லை. எம்எஸ்டிஎஸ் உள்ள வேறு கறைநீக்கி வரும்வரை அதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டோம். பிரிண்டிங் குறித்தும், கையொப்பம் குறித்தும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

முன்னாள் மெர்ச்சண்டைசர்:

பிரிண்டில் முதலில் கவனிக்க வேண்டியது தாலேட்டுகளை. பிவிசி சார்ந்த பிளாஸ்டிசால் மையை இளக்குவதற்குச் சேர்க்கப்படும் நான்கு தாலேட்டுகளின் மொத்த அளவு, 2020 ஜூலை முதல் ஐரோப்பாவில் 0.1 சதவீதத்தை எட்டக் கூடாது. துணியின் ரிப்போர்ட் பிரிண்டுக்குப் பொருந்தாது என்பதால், பிரிண்ட் அடித்த சாம்பிளைத் தனியே அனுப்புங்கள். செலவைக் குறைக்க, ஒரே பட்டறையில் ஒரே ரெசிப்பியில் போட்ட நிறங்களைக் குழுவாக்கிக் கறுப்பு, நேவி, சிவப்பு போன்ற அடர்நிறங்களை முதலில் சோதியுங்கள். அசோ சோதனையில் மூன்று நிறங்கள் வரை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். பையரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

கையொப்பத்தைப் பொறுத்தவரை, வெறும் உறுதிமொழியாக அனுப்பாமல், டையிங், பிரிண்டிங், எலாஸ்டிக், பட்டன், லேபிள் எனத் தந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் லாட் எண்ணுடன் அறிவிப்புக் கடிதம் வாங்கி, அவற்றை இணைத்து, "இணைப்பில் உள்ள அறிவிப்புகளின் அடிப்படையில்" என்ற சொற்றொடருடன் கையொப்பமிடுங்கள். கடிதம் தர மறுப்பவர் யார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த ஆர்டரை அவருக்குக் கொடுப்பதா என்பதை அப்போதே முடிவு செய்யலாம்.