24 லட்சம் வரை வரி இல்லையாம். மொழிபெயர்ப்பாளர் எந்தப் பட்டியலில் இருக்கிறார்?

தாமிரபரணி:
நேற்று கோட்குமார் இங்கே ஒரு காணொளியைப் பகிர்ந்து, "ஃப்ரீலான்ஸர் யாராக இருந்தாலும் 24 லட்சம் வரை ஒரு பைசா வரி கிடையாது, ஆடிட்டருக்குக் காசு கொடுத்து ஏமாறாதீர்கள்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. கணக்கு சரிதான். வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம், 24இல் பாதி 12, புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டுக்கு 12 லட்சம் வரை 87ஏ பிரிவில் முழு வரித் தள்ளுபடி உண்டு. ஆனால் "யாராக இருந்தாலும்" என்பது பொய். அந்தப் பிரிவு ஒரு பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், பிறகு அறிவிக்கை மூலம் சேர்த்த திரைக் கலைஞர், கம்பெனி செக்ரட்டரி போன்றவர்கள், 2001இல் ஐடி எனும் தகவல் தொழில்நுட்பம். மொழிபெயர்ப்பு எங்கே? பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறேன், எனக்கு யாராவது காட்டுங்கள்.

கோட்குமார்:
அக்கா, சும்மா பயமுறுத்தாதீர்கள். நான் மூன்று வருடமாக 44ஏடிஏ போடுகிறேன், ரிட்டர்ன் உடனே பிராசஸ் ஆகிறது. உங்கள் வேலையும் கணினியில்தானே நடக்கிறது? ஐடி என்று போட்டுவிட்டுப் போங்கள்.

தாமிரபரணி:
கணினியில் செய்தால் ஐடியா? அப்படியானால் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரரும் ஐடிதான். மருந்து சோதனைக்கான ஒப்புதல் படிவங்களை நான் தமிழாக்குகிறேன், அதில் ஒரு வரி தப்பினால் நோயாளிக்கு ஆபத்து. சினிமாவுக்கு வசனம் எழுதினால் பட்டியலில் இடம், நடிகருக்கு உடை வடிவமைத்தால் இடம். எனக்கு இல்லை. நீங்கள் மென்பொருள் எழுதுகிறீர்கள், உங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே நின்றுகொண்டு வெளியே நிற்பவளிடம் பூட்டே இல்லை என்று சொல்லாதீர்கள்.

மடிப்பாக்கம் ஆடிட்டர்:
22 வருட அனுபவத்தில் சொல்கிறேன். மேடம் சொல்வது சரி, பட்டியலில் மொழிபெயர்ப்பு இல்லை. சிறு வணிகத்துக்கான 44ஏடி பிரிவில் போடலாம், வங்கி வழி வரவில் 6 சதவீதத்தை வருமானமாகக் காட்டினால் போதும். இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

தாமிரபரணி:
சார், 44ஏடி வணிகத்துக்கு. நான் பொருள் வாங்கி விற்கிறேனா? 14 லட்சம் வரவில் 84,000தான் என் வருமானம் என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்குக் கை நடுங்குகிறது. பட்டியலில் இல்லாத தொழிலை வணிகம் என்று காட்டலாமா என்று இரண்டு ஆடிட்டர்களிடம் கேட்டேன். ஒருவர் தாராளமாக என்றார், இன்னொருவர் நோட்டீஸ் வந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள் என்றார். நீங்கள் இதில் எந்த ரகம்?

மடிப்பாக்கம் ஆடிட்டர்:
நான் எந்த ரகமும் இல்லை. போன வருடம் தொழில் வரி இழையில், ஃப்ரீலான்ஸருக்குத் தொழில் வரி கிடையாது என்று அடித்துப் பேசியவர் நீங்கள். மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு 1,250 வரை கட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது என்னைப் பணம் பிடுங்கி என்றீர்கள். கடைசியில் கட்டினீர்களா இல்லையா?

தாமிரபரணி:
கட்டினேன். அதை இங்கே இழுக்காதீர்கள். மொழிபெயர்ப்பு எந்தப் பட்டியலில் இருக்கிறது?

தூரிகை:
நான் புத்தக அட்டை, லோகோ எல்லாம் வரைகிறவன். எனக்கும் இதே பிரச்சினைதான். உள் அலங்காரம் இருக்கிறது, ஓவியம் இல்லை. ஆனால் குமாரிடம் வேறொன்று கேட்கிறேன். 24 லட்சம் வரவு என்றால் 20 லட்சம் தாண்டிவிட்டது, ஜிஎஸ்டி பதிவு எடுத்தீர்களா?

கோட்குமார்:
என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் வெளிநாடு. டாலரில் வருகிறது. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம்.

தூரிகை:
வரி பூஜ்யம் என்பது வேறு, பதிவு வேண்டாம் என்பது வேறு தம்பி. மொத்த விற்றுமுதலில் ஏற்றுமதியும் சேரும். 20 லட்சம் தாண்டினால் பதிவு எடுத்து, ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்தால்தான் வரி கட்டாமல் பில் போட முடியும்.

கோட்குமார்:
என்னை இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்கும்போது பார்த்துக்கொள்கிறேன். உழைத்துச் சம்பாதிப்பவனை இப்படித்தான் ஆளுக்கொரு பக்கம் பயமுறுத்துகிறீர்கள்.

தாமிரபரணி:
"யாரும் கேட்கவில்லை" என்பதுதான் உங்கள் சட்டப் புத்தகமா? உங்களை நம்பி இருபது வயதுப் பிள்ளைகள் அதையே செய்வார்கள். ஒரு கணக்கு சொல்கிறேன், கேளுங்கள். உங்களுக்கும் 14 லட்சம் வரவு, எனக்கும் 14 லட்சம் வரவு. நீங்கள் 7 லட்சம் காட்டுவீர்கள், வரி பூஜ்யம். நான் கணக்குப் புத்தகம் எழுதி, அகராதி, மென்பொருள் சந்தா, மின்சாரம் என்று ஒன்றரை லட்சம் செலவு கழித்தால் 12,50,000 நிற்கும். 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி கூடாமல் பார்க்கும் விளிம்புச் சலுகை போக 50,000, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 52,000. அதே உழைப்பு, அதே பணம். பட்டியலில் ஒரு சொல் இல்லாததற்கு 52,000.

கோட்குமார்:
அதற்கு நான் என்ன செய்ய? அரசாங்கத்திடம் கேளுங்கள்.

வைகைக்கரை:
குமார், உங்கள் உண்மையான லாபம் 90 சதவீதம் இருக்குமே, ஒரு மடிக்கணினி தவிர என்ன செலவு? சட்டம் 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் சம்பாதித்ததாக நீங்கள் சொல்லும் தொகை என்கிறது. பாதி மட்டும் காட்டுவது நியாயமா?

கோட்குமார்:
50 காட்டலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. உங்களுக்கு வயிற்றெரிச்சல்.

மடிப்பாக்கம் ஆடிட்டர்:
இரண்டு பேரும் பாதி பாதி படித்துவிட்டுப் பேசுகிறீர்கள். ஏப்ரல் 1, 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் 2025 வந்துவிட்டது, 44ஏடி, 44ஏடிஏ எல்லாம் 58ஆம் பிரிவுக்குள் போய்விட்டன. முதலில் எண்ணைச் சரியாகச் சொல்லுங்கள்.

தாமிரபரணி:
நாங்கள் பேசுவது 2025-26 வருமானத்தைப் பற்றி, அதற்குப் பழைய சட்டம்தான். எண் மாறினால் என் தொழிலுக்குப் பெயர் வந்துவிடுமா? சமூக ஊடகப் பிரபலங்களுக்குப் படிவத்தில் 16021 என்று தனிக் குறியீடே கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளரை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆனால் பணம் பிடிக்கும்போது மட்டும் நன்றாக ஞாபகம் வருகிறது. எனக்கு வேலை தரும் நிறுவனங்கள் எல்லாம் 2025-26இல் புரொஃபெஷனல் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில், பணம் தரும்போதே 10 சதவீத வரியை (டிடிஎஸ்) பிடித்தன, நான் புரொஃபெஷனலாம். பிடிக்கிற இடத்தில் புரொஃபெஷனல், சலுகை கேட்கிற இடத்தில் யாரும் இல்லை.

மடிப்பாக்கம் ஆடிட்டர்:
டிடிஎஸ் எந்தப் பிரிவில் பிடித்தார்கள் என்பது உங்கள் தொழில் எது என்பதைத் தீர்மானிக்காது. இது அடிப்படை.

தாமிரபரணி:
அடிப்படை எனக்கும் தெரியும் சார். ஒரு நிறுவனம் என்னிடம் 38,000 பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டவே இல்லை. என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் வரவில்லை. பிடித்த வரியை என்னிடம் மறுபடி கேட்கக்கூடாது என்று 205ஆம் பிரிவு சொல்கிறது, ஆனாலும் கேட்டு நோட்டீஸ் வந்தது. மூன்று வருடம் கடிதம் எழுதினேன். அந்த நேரத்தில் உங்களைப் போன்ற ஒருவர்தான் "விட்டுவிடுங்கள் மேடம், சின்னத் தொகை" என்றார். எனக்கு அது இரண்டு மாத வாடகை.

தூரிகை:
அக்கா, எனக்கும் ஒருவர் அப்படிச் செய்தார். பில்லையும் டிடிஎஸ் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள்.

கோட்குமார்:
அதனால்தான் நான் உள்ளூர் வாடிக்கையாளரே வைத்துக்கொள்வதில்லை. இந்த இழையில் யாராவது உருப்படியாக என்ன செய்யலாம் என்று சொன்னீர்களா? நான் ஒருவன்தான் வழி சொன்னேன்.

வைகைக்கரை:
நீங்கள் சொன்னது வழி இல்லை, உங்களுக்குக் கிடைத்த வசதி.

மடிப்பாக்கம் ஆடிட்டர்:
மேடம், என் அலுவலகத்துக்கு வாருங்கள், 44ஏடியில் போட்டுத் தருகிறேன். நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது என் பொறுப்பு.

தாமிரபரணி:
எழுதித் தருவீர்களா, உங்கள் முத்திரையோடு?

மடிப்பாக்கம் ஆடிட்டர்:
அப்படியெல்லாம் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

தாமிரபரணி:
அதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன். குமார், அந்தப் பதிவில் "யாராக இருந்தாலும்" என்பதை நீக்குங்கள்.

கோட்குமார்:
நீக்க மாட்டேன். 312 பேர் விரும்பியிருக்கிறார்கள்.

தாமிரபரணி:
அந்த 312 பேரில் எத்தனை பேர் மொழிபெயர்ப்பாளர்கள் என்று கேட்டீர்களா?